இரண்டாம் தளம்

பெரியாஸ்பத்திரி பிசியோதெரபி அறையில்
நீலப் பாய்கள் ஐந்து.
நான்கின் ஓரத்தில் துண்டில் சுற்றிய தூக்கம்.
ஐந்தாவதில் நான்,
பக்கத்தில் என் குடை.

"பாப்பாவுக்கு எத்தன மாசம்?"
என்று கேட்டாள் திருமங்கலத்துக்காரி.
"அஞ்சரை" என்றேன்.
பொய்யில்லை.
"வீட்ல விட்டுட்டு வந்தீங்களா?"
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பால் கட்டியிருந்தது.
மாருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல.
முத்திருளன் விடியும் முன்னே
மாட்டுத்தாவணிக்குப் போய்
அரைக்கிலோ மல்லி வாங்கிவந்தார்.
"வீட்ல என்னண்ணே விசேஷம்?" என்றானாம்
நிறுத்துக் கொடுத்த பையன்.
மொட்டுகளை மாரில் பரப்பித்
துண்டால் இறுக்கிக் கட்டினோம்.
பால் வற்றியது.
இன்றும் சிம்மக்கல் பூக்கடைகளைத் தாண்டும்போது
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

அப்புறம் இது.
தும்மினால் நனைகிறது.
இருமினால், சிரித்தால்
(சிரிப்பது குறைவு என்பதால் அது பரவாயில்லை),
கோரிப்பாளையத்தில் பஸ் தூக்கிப்போட்டால்.
"பிள்ள பெத்தவங்களுக்குத்தானே
இதெல்லாம் வரும்?" என்றேன்.
மெர்சி ஜெபராணி பேனாவை மூடினாள்.
"ஏன், நீங்களும் பெத்தவங்கதானே."
அந்தச் சொல்லை என்னிடம் சொன்ன
முதல் ஆள் அவள்.

"கண்ண மூடுங்க.
உள்ள ஒரு லிஃப்ட் இருக்குன்னு நெனச்சுக்கங்க.
மூச்ச அடக்காதீங்க. பின்பக்கத்த இறுக்காதீங்க.
மொதல்ல கதவு மூடட்டும்.
இப்ப ஒண்ணாவது மாடி.
ரெண்டு.
நில்லுங்க.
இப்ப ஒவ்வொரு மாடியா எறக்குங்க,
பொத்துனு விட்றாதீங்க.
ஏத்துறத விட எறக்குறதுதான் வேலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. நனைந்தது.

விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில்
ஆறு வருஷமாய் நிற்கிறேன்.
லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.
எங்களுக்கு எண்பத்துநாலு படிகள்.
என் இடம் இரண்டாம் தளம், பட்டு.
மூன்றில் தொட்டில் துணி, கொசுவலை,
கட்டைவிரல் நீளத்தில் காலுறைகள்.

"இப்ப மூணுக்குப் போங்க" என்றாள் மெர்சி.
நடுங்கி நின்றுவிட்டது.
"சரி, இன்னைக்கு ரெண்டு போதும்."

எட்டாம் வாரம் வேலைக்குத் திரும்பினேன்.
உசிலம்பட்டியிலிருந்து ஒரு குடும்பம்
மகள் வளைகாப்புக்குப் பச்சையில் கேட்டது.
கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை,
அறுபது புடவை விரித்தேன்.
அந்தப் பெண்
வயிற்றின் மேல் ஒன்றை வைத்துக்
கண்ணாடியில் பார்த்தாள்.
"நல்லா இருக்காக்கா?"
நன்றாக இருந்தது.
அதையும் சொன்னேன்.

மடிக்கும்போது செய்கிறேன்.
பில் போடக் காத்திருக்கும்போது செய்கிறேன்.
கதவு. ஒன்று. இரண்டு.
பிடி. ஐந்து எண்ணு.
இறக்கு.
யாருக்கும் தெரியாமல் கடைக்குள்
எனக்கென்று ஒரு லிஃப்ட் ஓடுகிறது.
"என்ன, நின்னுக்கிட்டே தூங்குறியா?"
என்றார் சூப்பர்வைசர் நாகுமணி.
"ஸ்டாக் எண்ணுறேன் சார்."
உட்கார ஸ்டூல் உண்டு. சட்டம் வந்தபோது வாங்கியது.
அதன் மேல் எப்போதும்
அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கும்.
ஒருநாள் அவற்றை இறக்கிவைத்தேன்,
கனமானதை மட்டும்
நவநீதனைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னேன்.
நாகுமணி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பதினொன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை.
புதுக் கட்டைப் பிரித்ததும்
கஞ்சித்தூள் மூக்கில் ஏறியது.
தும்மல் வருகிறது, வருகிறது,
கதவை மூடினேன்.
வந்தது.
கண்ணில் மட்டும்தான் தண்ணீர்.

இதை யாரிடம் சொல்வது?
எதிரே லிஃப்ட் திறந்து
ஆளில்லாமல் மூடி
மூன்றாம் தளத்துக்குப் போயிற்று.

இரவு இட்லி வைத்தபடி சொன்னேன்:
"இன்னைக்குத் தும்முனேன்."
"சளியா?" என்றார்.
"இல்ல. சும்மா தும்முனேன்."
இன்னொரு வாய் பிட்டவர்
கையை அப்படியே நிறுத்தினார்.